மெனுவில் என்ன பெயர் வைப்பது? டெவலப்பர் கருவி செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எடிட்டருக்கான எக்ஸ்டென்ஷன்களும், கிட் (கோடில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வேலையை எளிதாக்கும் சிறு கருவிகளும் செய்வது எங்கள் குழுவின் வேலை. மெனுவுக்குப் பெயர் வைக்கும் கட்டம் வந்தால் பக்கத்துக் குழுக்காரர்கள் வந்து நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கிட், கோட் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோ, விஎஸ் கோட், இன்டெலிஜே என்று பலரும் புழங்கும் கருவிகளிலிருந்து வந்தவை.

டெவலப்பருக்குத்தானே செய்யறோம், அவங்க கத்துக்க மாட்டாங்களா? பேருக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒரு டெவலப்பர் ஒரே நாளில் எடிட்டர், டீபக்கர் (நிரலை ஓட்டிப் பிழை தேடும் கருவி), கிட் கிளையன்ட், டேட்டாபேஸ் பார்க்கும் கருவி, கன்டெய்னர் ஓட்டும் கருவி என்று பலவற்றையும் மாறி மாறித் தொடுகிறார். ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு அகராதியோடு வந்தால், எந்தச் சொல்லுக்கு எங்கே என்ன அர்த்தம் என்று நினைவில் வைப்பதே தனி வேலையாகிவிடும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. எழுத்துச் செயலியில் தவறாக ஒன்றை அழுத்தினால் கன்ட்ரோல் இசட் காப்பாற்றும். நம் கருவிகளில் பல கட்டளைகள் வட்டில் இருக்கும் கோப்பையோ, தொலைவில் இருக்கும் சர்வரையோ தொடுகின்றன. கன்ட்ரோல் இசட் அங்கே எட்டாது. அழுத்துவதற்கு முன் பயனர் கையில் இருப்பது அந்த இரண்டு சொல் பெயர் மட்டும்தான்.

சரி, நல்ல பேருன்னு எதை வெச்சு சொல்றது?

பெயரைப் படித்தவர், "இதை அழுத்தினால் என் வேலைக்கு என்ன ஆகும்" என்று சரியாகச் சொல்ல முடிந்தால் அது நல்ல பெயர். கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் பெயர் அதை எழுதியவருக்குத்தான் தெளிவு. இன்டெலிஜேயிலும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலும் இருக்கும் 'இன்வேலிடேட் கேஷஸ்' இதற்கு நல்ல சாட்சி. கேஷ் (வேகத்துக்காகக் கருவி சேர்த்து வைக்கும் தற்காலிகத் தரவு) செல்லாமல் போவது கருவியின் உள்விவகாரம். பயனரின் தேவையோ, "ஐடிஇ (கோட் எழுதும் கருவி) குழம்பிக் கிடக்கிறது, சரி பண்ணு" என்பது. பின்னாளில் இன்டெலிஜேயில் 'ரிப்பேர் ஐடிஇ' என்று ஒரு கட்டளை வந்தது. பயனர் மனதில் இருக்கும் வாக்கியத்துக்கு அது எவ்வளவோ நெருக்கம்.

'க்ளீன்' என்ற சொல்லையும் பாருங்கள். விஷுவல் ஸ்டூடியோவில் 'க்ளீன் சொல்யூஷன்' என்றால் பில்டில் உருவான கோப்புகளை நீக்குவது. அதே கருவியில் 'கோட் க்ளீனப்' என்றால் நீங்கள் எழுதிய கோடை ஒழுங்குபடுத்தி மாற்றுவது. ஒன்று உங்கள் கோடைத் தொடாது, மற்றது அதைத்தான் தொடும். பழகியவருக்குப் பிரச்சினை இல்லை. புதிதாக வருகிறவர் முதல் வாரம் இரண்டையுமே அழுத்தப் பயப்படுவார்.

வினைச்சொல்லா வைக்கணுமா, பெயர்ச்சொல்லா வைக்கணுமா?

ஏதாவது நடந்தால் வினை, வெறுமனே ஒரு பலகம் திறந்தால் பெயர்ச்சொல். விஷுவல் ஸ்டூடியோவின் வியூ மெனுவில் 'எர்ரர் லிஸ்ட்', 'அவுட்புட்' என்று இருப்பது இந்தக் கணக்கில்தான். பில்ட் மெனுவில் வினைகளாகவே இருக்கும்.

குழப்பம் வருவது ஆன்/ஆஃப் வகையில். டிக் அடையாளம் போடுங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். 'ஹைட் ஸ்டேட்டஸ் பார்' என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தால், பட்டை இப்போது மறைந்திருக்கிறதா, அழுத்தினால் மறையுமா? படிப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

சிலதுக்குப் பின்னாடி மூணு புள்ளி இருக்கே, அது எதுக்கு?

அந்தக் கட்டளையை முடிக்க உங்களிடமிருந்து இன்னும் ஏதோ விவரம் தேவை என்று பொருள். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் வழிகாட்டுதல்களிலும் இதே விதிதான். ஜன்னல் திறக்கும் என்பதற்கான அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 'அபவுட்' ஜன்னல் திறக்கும், ஆனால் நம்மிடம் எதையும் கேட்காது, அதனால் புள்ளி கிடையாது. 'சேவ் ஆஸ்…' கோப்பின் பெயரைக் கேட்கும், புள்ளி உண்டு. புள்ளி இருந்தால் "அழுத்திப் பார்க்கலாம், உடனே எதுவும் நடந்துவிடாது" என்ற தைரியம் வருகிறது. அந்த நம்பிக்கையை உடைக்காமல் இருந்தால் போதும்.

செட்டிங்ஸ், பிரெஃபரன்ஸஸ், ஆப்ஷன்ஸ்: எது?

செட்டிங்ஸ். மேக்கில் நெடுங்காலம் பிரெஃபரன்ஸஸ் என்றே இருந்தது. 2022-ல் வந்த வென்சுராவில் ஆப்பிளே செட்டிங்ஸுக்கு மாறிவிட்டது. விஷுவல் ஸ்டூடியோவில் டூல்ஸ் மெனுவுக்குள் ஆப்ஷன்ஸ் என்று இருக்கிறது, பழக்கத்தால் ஓடுகிறது. புதிதாகத் தொடங்குபவர் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அஞ்சு பேர்கிட்ட கேட்டா அஞ்சு பேரும் வேற வேற பேர் சொல்றாங்க. யார் சொல்றதை எடுக்கறது?

அது உங்கள் குழுவின் கோளாறு இல்லை. ஃபர்னாஸ், லாண்டவர், கோமெஸ், டூமே என்ற நால்வர் 1987-ல் இதையே ஆராய்ந்து எழுதினார்கள். ஒரே பொருளுக்கோ செயலுக்கோ பெயர் வைக்கச் சொன்னால், இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்பது அவர்கள் கண்டது. எவ்வளவு யோசித்து ஒரு சொல்லைத் தேர்ந்தாலும், முதன்முறை தேடி வருபவர்களில் பெரும்பாலோர் வேறு சொல்லோடுதான் வருவார்கள்.

அவர்கள் சொன்ன தீர்வு, ஒரே செயலுக்குப் பல மாற்றுப் பெயர்களையும் ஏற்றுக்கொள்வது. மெனுவில் தெரிவது ஒரு பெயராகத்தான் இருக்க முடியும். ஆனால் பின்னால் இருக்கும் தேடலில் அந்த மற்ற நான்கு பேரின் சொற்களையும் போட்டு வைக்கலாம். 'ரீநேம்' என்று மெனுவில் இருக்கட்டும், 'சேஞ்ச் நேம்' என்று தட்டினாலும் அது வரட்டும். ஐந்து பேர் சொன்னதையும் தூக்கி எறியாதீர்கள். அதுதான் உங்கள் மாற்றுப் பெயர்ப் பட்டியல்.

இப்பல்லாம் கமாண்ட் பேலட் இருக்கே, மெனுவை யார் பார்க்கறா?

கமாண்ட் பேலட் என்பது பெயரைத் தட்டிக் கட்டளையைத் தேடும் பெட்டி. அதில் தேட ஒரு சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும். என்னென்ன இருக்கிறது என்றே தெரியாதவருக்கு மெனுதான் வழி. கருவியைப் புதிதாக நிறுவியவர் முதலில் செய்வது ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்ப்பதுதான்.

பேலட் வந்த பிறகு பெயருக்கு ஒரு புதுச் சுமை ஏறியிருக்கிறது. 'பிராஞ்ச்' (கோடின் தனிக் கிளை) என்ற மெனுவுக்குள் 'டிலீட்' என்று மட்டும் இருந்தால் புரியும். பேலட்டில் அதே 'டிலீட்' தனியாக வந்து நின்றால் எதை நீக்கப்போகிறது? விஎஸ் கோட் இதற்காகத்தான் 'கிட்:' என்பது போன்ற முன்னொட்டைச் சேர்த்துக் காட்டுகிறது. உங்கள் கட்டளைப் பெயர்களை மட்டும் ஒரு தாளில், மெனுத் தலைப்பு இல்லாமல் எழுதிப் பாருங்கள். எதெல்லாம் தனியாக நிற்கவில்லையோ அதற்கெல்லாம் செயப்படுபொருள் சேர்க்க வேண்டும்.

கிட்ல இருக்கற பேரையே மெனுவுலயும் வைக்கணுமா, இல்ல எளிமையா மாத்திடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் சண்டை நடப்பதும் இதில்தான். என் நிலை: ஊரெல்லாம் ஒரே பொருளில் வழங்கும் சொல் என்றால் தொடாதீர்கள். கமிட் (மாற்றங்களை வரலாற்றில் பதிவது), பிராஞ்ச், மெர்ஜ் (கிளைகளை இணைப்பது), புஷ் (சர்வருக்கு அனுப்புவது) ஆகியவற்றுக்கு நீங்கள் கண்டுபிடிக்கும் அழகான மாற்று, பயனர் இணையத்தில் விடை தேடும்போது அவரைக் கைவிட்டுவிடும். டீபக்கரில் 'ஸ்டெப் இன்டு', 'ஸ்டெப் ஓவர்', 'ஸ்டெப் அவுட்' என்பதும் அப்படித்தான். புதியவருக்குப் புதிர்தான், ஆனால் ஒருமுறை கற்றால் எல்லாக் கருவியிலும் செல்லும்.

கிட்டிலேயே ஒரு சொல் பல வேலை பார்த்தால் மட்டும் பிரியுங்கள். 'செக்அவுட்' இதில் பேர்போனது. கிட்டைப் போன்ற பழைய கருவியான சப்வர்ஷனில் அது சர்வரிலிருந்து ஒரு பிரதி எடுப்பது. கிட்டில் வேறு பிராஞ்சுக்கு மாறவும் அதே கட்டளை, ஒரு கோப்பில் செய்த மாற்றத்தைத் தூக்கிவிட்டுப் பழையதைக் கொண்டுவரவும் அதே கட்டளை. முதலாவது பெரும்பாலும் தீங்கில்லாதது, இரண்டாவது எழுதியதை அழித்துவிடும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-ல் இதை 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். பழைய செக்அவுட்டும் அப்படியே இருக்கிறது. மெனுவில் நீங்கள் பிரித்து எழுதினால் கிட்டுக்கு விரோதமாகப் போகவில்லை, கிட் போன வழியில்தான் போகிறீர்கள்.

ஒரே பொருளுக்குப் பல பெயர் இருக்கும் இடங்களும் உண்டு. அடுத்த கமிட்டுக்காக எடுத்து வைத்த மாற்றங்கள் இருக்கும் இடத்துக்கு கிட்டில் இன்டெக்ஸ், கேஷ், ஸ்டேஜிங் ஏரியா என்று மூன்று பெயர். 'டிஃப்' கட்டளைக்கு 'கேஷ்ட்' என்று கொடுத்தாலும் 'ஸ்டேஜ்ட்' என்று கொடுத்தாலும் ஒரே விடை வரும். மெனுவில் 'ஸ்டேஜ்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பிழைச் செய்தி, உதவிப் பக்கம், லாக் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். மற்ற இரண்டும் தேடலில் மாற்றுப் பெயர்களாக இருக்கட்டும்.

அன்டூ, ரிவர்ட், ரீசெட், டிஸ்கார்ட், ரோல்பேக்: எல்லாம் 'பழையபடி ஆக்கு'தானே?

இல்லை, இங்கேதான் வேலை பறிபோகிறது. சப்வர்ஷனில் ரிவர்ட் என்றால் இன்னும் கமிட் செய்யாத மாற்றங்களைத் தூக்கி எறிவது. கிட்டில் ரிவர்ட் என்றால் ஏற்கெனவே செய்த ஒரு கமிட்டுக்கு எதிரான புதுக் கமிட் ஒன்றைப் போடுவது. பழைய கமிட் வரலாற்றில் அப்படியே இருக்கும், எதுவும் தொலையாது. ஒரே சொல், ஒன்று அழிக்கிறது, மற்றது சேர்க்கிறது. கிட் வகையைச் சேர்ந்த இன்னொரு கருவியான மெர்க்குரியலில் கிட்டின் ரிவர்ட் செய்யும் வேலைக்கு 'பேக்அவுட்' என்று பெயர், அங்கே இருக்கும் ரிவர்ட் சப்வர்ஷன் பக்கம் சாயும். கிட் கிளையன்டான டார்டாய்ஸ்கிட் மெனுவின் 'ரிவர்ட்', தன் அண்ணனான சப்வர்ஷன் கிளையன்ட் டார்டாய்ஸ்எஸ்விஎன் வழியில், உள்ளூர் மாற்றங்களைக் கழிக்கிறது. இன்டெலிஜே அதே வேலையை 'ரோல்பேக்' என்கிறது. விஎஸ் கோட் 'டிஸ்கார்ட் சேஞ்சஸ்' என்கிறது.

நான் பரிந்துரைப்பது இது. சேமித்தும் கமிட் செய்யாத எழுத்து போகப்போகிறது என்றால் 'டிஸ்கார்ட்'. எதிர்க் கமிட் வரப்போகிறது என்றால் 'ரிவர்ட் கமிட்', வெறும் ரிவர்ட் என்று விடவே கூடாது. கடைசிக் கமிட்டைக் கலைத்து அதிலிருந்த மாற்றங்களைத் திரும்பக் கையில் கொடுப்பது 'அன்டூ கமிட்'. கிட்ஹப் டெஸ்க்டாப் என்ற கிட் கிளையன்டில் இந்த மூன்றும் ஏறக்குறைய இப்படியே பிரிந்திருக்கின்றன. ரீசெட்டை (பிராஞ்சை வேறொரு கமிட்டுக்கு நகர்த்தும் கிட் கட்டளை) மெனுவில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதன் 'சாஃப்ட்', 'மிக்ஸ்ட்', 'ஹார்ட்' வகைகளுக்குப் பக்கத்தில் கோப்புகளுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதுங்கள். 'ஹார்ட்' என்ற சொல்லிலிருந்து யாரும் அதை ஊகிக்க முடியாது.

'ஃபெட்ச்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிட்டில் ஃபெட்ச் என்றால் கொண்டுவருவது மட்டும், புல் என்றால் கொண்டுவந்து இணைப்பது. மெர்க்குரியலில் புல் என்றால் கொண்டுவருவது மட்டும். ஃபெட்ச் என்ற எக்ஸ்டென்ஷன்தான் கொண்டுவந்து இணைத்தது. அப்படியே தலைகீழ்! இரண்டிலும் வேலை செய்தவர் உங்கள் கருவியில் எந்த அர்த்தத்தை எதிர்பார்ப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் பெயருக்குக் கீழே ஒரு வரி டூல்டிப் வைப்பது வீண் வேலை இல்லை.

டிலீட்டும் ரிமூவும் ஒண்ணுதானே? மாத்தி மாத்திப் போட்டா என்ன?

பட்டியலிலிருந்து மட்டும் போனால் ரிமூவ், வட்டிலிருந்தே போனால் டிலீட். விஷுவல் ஸ்டூடியோவில் சொல்யூஷனிலிருந்து ஒரு புராஜெக்டை எடுப்பது ரிமூவ், கோப்புகள் அங்கேயே இருக்கும். ஒரு கோப்பை அழிப்பது டிலீட். புராஜெக்டை விட்டு விலக்கி வைக்க மட்டும் 'எக்ஸ்க்ளூட் ஃப்ரம் புராஜெக்ட்' என்று தனியாக இருக்கிறது. நீளமான பெயர்தான், ஆனால் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

டீபக்கரில் 'ஸ்டாப்', 'டிஸ்கனெக்ட்' இரண்டுக்கும் இதே கணக்கு. விஎஸ் கோட் தானே தொடங்கிய நிரலுக்கு ஸ்டாப் காட்டும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரலோடு போய் இணைந்திருந்தால் டிஸ்கனெக்ட் காட்டும். அந்த இடத்தில் ஸ்டாப் என்று இருந்தால், ஓடும் சர்வரையே நிறுத்திவிடுமோ என்று கை நடுங்கும்.

ஆபத்தான கட்டளைக்கு 'ஆர் யூ ஷ்யூர்?' பெட்டி போடறோமே, அது போதாதா?

போதாது. 2017-ல் விஎஸ் கோடுக்குப் புதிதாக வந்த ஒருவர், கமிட்டே செய்யாத மூன்று மாத வேலையை அதில் திறந்தார். ஆயிரக்கணக்கான கோப்புகள் மாற்றங்களாகக் காட்டப்பட்டன. அவர் 'டிஸ்கார்ட்' கொடுத்தார். அவர் மனதில், கிட் காட்டும் அந்த மாற்றப் பட்டியலை விலக்குகிறோம் என்ற எண்ணம். கருவியின் அகராதியிலோ கிட் அறியாத புதுக் கோப்புகளும் மாற்றங்கள்தான், அவற்றை டிஸ்கார்ட் செய்வது என்றால் அழிப்பது. எச்சரிக்கை வரத்தான் செய்தது. அதுவும் டிஸ்கார்ட் என்றே பேசியதால், தவறான புரிதலோடு வந்தவருக்கு அது எதையும் திருத்தவில்லை. அதன் பிறகு அந்தச் செய்தியில் அழித்தல் என்ற சொல்லே பெரிய எழுத்தில் வந்தது.

பெட்டியில் மெனுவின் சொல்லையே திருப்பிச் சொல்லாமல் விளைவைச் சொல்லுங்கள்: எத்தனை கோப்பு, எங்கே போகும், திரும்ப வருமா. பட்டனில் யெஸ், நோ, ஓகே வேண்டாம். 'டிலீட் 12 ஃபைல்ஸ்' என்று வினையே இருக்கட்டும். 'கேன்சல் பில்ட்?' என்று கேட்டுவிட்டு ஓகே, கேன்சல் என்று இரண்டு பட்டன் கொடுக்கும் கொடுமையும் அப்போது நிற்கும். இதற்கெல்லாம் மேலே, திரும்பப் பெற வழி வைப்பது. கிட்ஹப் டெஸ்க்டாப் டிஸ்கார்ட் செய்தவற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டு வைக்கிறது. அந்த வசதி இருந்தால் பெயர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உயிர் போகாது.

பழைய பேர் சரியில்லைன்னு இப்ப புரியுது. பழகினவங்க கோபப்பட மாட்டாங்களா, மாத்தலாமா?

கோபப்படுவார்கள். விஷுவல் ஸ்டூடியோ 2012-ல் மெனுத் தலைப்புகள் எல்லாம் பெரிய எழுத்துக்கு மாறியபோது, பெயர் எதுவும் மாறாமலேயே பெரிய கூச்சல் எழுந்தது. மாற்றுவதால் பயனருக்கு ஒரு லாபமும் தெரியவில்லை என்றால் அப்படித்தான் ஆகும்.

லாபம் இருந்தால் மாற்றுங்கள், ஆனால் கட்டளையின் உள் அடையாளப் பெயரையும் ஷார்ட்கட்டையும் தொடாதீர்கள். ஷார்ட்கட்டில் பழகியவருக்கு மாற்றம் தெரியவே தெரியாது. பழைய பெயர் தேடலில் மாற்றுப் பெயராக நிரந்தரமாக இருக்கட்டும். மேலே சொன்ன செக்அவுட் போலப் பழையதும் புதியதும் சேர்ந்து வாழலாம். கிட்ஹப் 2020 அக்டோபர் 1 முதல் புது ரெப்பாசிட்டரிகளின் இயல்பு பிராஞ்சை 'மாஸ்டர்' என்பதிலிருந்து 'மெயின்' என்று மாற்றியபோதும், ஏற்கெனவே இருந்தவற்றை அது தானாக மாற்றவில்லை.

மெனுவைத் தமிழ்லயும் கொடுக்கணும். அப்படியே மொழிபெயர்த்தா போதுமா?

போதாது, கோடிலும் வேலை இருக்கிறது. 'டிலீட்' என்ற சொல்லோடு பிராஞ்ச் பெயரை ஒட்டி வாக்கியம் செய்திருப்பீர்கள். தமிழில் பெயர் முதலில் வந்து, வேற்றுமை உருபு ஏற்று, வினை கடைசியில் வரும். முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக (ஸ்ட்ரிங்) வைத்து, பெயருக்கு மட்டும் இடம் விடுங்கள். ஒருமை, பன்மைக்குத் தனித்தனிச் சரம் வேண்டும். ஆல்ட் விசையோடு அழுத்தும் எழுத்துக்கு, சீன, ஜப்பானிய மெனுக்களில் செய்வது போல ரோமன் எழுத்து ஒன்றை அடைப்புக்குறிக்குள் கடைசியில் சேர்க்கலாம்.

திற, திறக்கவும், திறத்தல் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுங்கள், கலக்காதீர்கள். எனக்குப் பிடித்தது 'திற', இடமும் மிச்சம். கமிட், பிராஞ்ச் போன்றவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் விடலாம். கிட் பற்றிய கேள்வியில் சொன்ன காரணம்தான்.

பேர் சரியா வந்திருக்கான்னு எப்படிச் சோதிக்கறது? பெரிய ஆய்வுக்கெல்லாம் எங்ககிட்ட ஆள் இல்லை.

ஆய்வு வேண்டாம். கருவியைப் பார்க்காத நான்கைந்து பேரிடம் பெயரை மட்டும் காட்டி, "இதை அழுத்தினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். "இந்தப் பெயர் பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் தலைகீழாக, ஒரு வேலையைச் சொல்லி எந்த மெனுவைத் திறப்பார்கள் என்று பாருங்கள்.

திரையில், உண்மையான எழுத்துருவில் காட்டுவது முக்கியம். 1983-ல் வெளிவந்த ஆப்பிள் லிசாவை உருவாக்கும்போது உறுதிப்படுத்தும் பட்டனில் 'டூ இட்' (Do It) என்று வைத்திருந்தார்கள். சோதனைக்கு வந்தவர்களில் சிலர் அதை 'டோல்ட்' (Dolt), அதாவது மூடன் என்று படித்தார்கள். இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி குறைவு, அந்த எழுத்துருவில் பெரிய ஐயும் சின்ன எல்லும் ஒரே கோடு. கருவி நம்மைத் திட்டுகிறதே என்று ஒருவர் எரிச்சல்பட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. பட்டன் 'ஓகே' ஆனது. ஸ்மால்டாக் என்ற நிரல் மொழியின் வழிவந்த ஃபாரோ, ஸ்குவீக் மெனுக்களில் 'டூ இட்' இன்றும் இருக்கிறது, அங்கே யாரும் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

எதிலயும் சேராத நாலைஞ்சு கட்டளை மிச்சம் இருக்கு. 'அட்வான்ஸ்ட்'னு ஒரு மெனு போட்டு உள்ளே தள்ளிடலாமா?

'அட்வான்ஸ்ட்' என்பது யார் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. 'மோர்', 'மிஸ்லேனியஸ்' இரண்டும் அதுகூடச் சொல்வதில்லை. முதலில் அந்த நாலைந்தும் எந்தப் பொருளைத் தொடுகின்றன என்று பாருங்கள். பிராஞ்சைத் தொடுவது பிராஞ்ச் மெனுவின் அடியில் ஒரு கோடு போட்டுப் போகலாம். ஒரு கோப்பை மட்டும் தொடுவது, அந்தக் கோப்பின் மேல் ரைட் க்ளிக் செய்தால் வரட்டும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் பேலட்டில் மட்டும் வையுங்கள், முழுப் பெயரோடும் மாற்றுப் பெயர்களோடும்.